வீட்டுக்குள் வண்டு: முதலில் பாருங்கள், பிறகு மருந்தைத் தேடுங்கள்



போன ஐப்பசி மழையில் ஒரு நாள் ராத்திரி ஒன்பதரை மணிக்கு என் அண்ணன் மகள் போன் செய்தாள். "சித்தப்பா, அரிசி மூட்டைக்குள்ள வண்டு மாத்திரை போட்டிருக்கோம். ஒரு மாதிரி பூண்டு வாடை அடிக்குது. சின்னவன் ரெண்டு தடவை வாந்தி எடுத்துட்டான். அரிசியைக் கழுவிட்டு சமைச்சா ஒண்ணும் ஆகாதுல்ல?"

அவள் கேட்டது அரிசியைப் பற்றி. எனக்குப் பயம் வந்தது பிள்ளையைப் பற்றி. "அரிசியை விடும்மா. பிள்ளைகளைத் தூக்கிக்கிட்டு இந்த நிமிஷமே வெளியே வா, எதையும் எடுக்காதே, மூட்டையைத் தொடாதே, தண்ணி ஊத்திடாதே. மாப்பிள்ளையை 108க்கு போன் பண்ணச் சொல்லு" என்றேன். நால்வரும் படிக்கட்டில் இறங்கி வந்து, ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி வைத்துப் பார்த்து, மறுநாள் நல்லபடியாக வீடு திரும்பினார்கள். ஸ்டோர் ரூமுக்கும் பிள்ளைகள் படுக்கும் அறைக்கும் நடுவில் ஒரு கதவுதான் இருந்தது. மழை என்று ஜன்னலை எல்லாம் சாத்தி வைத்திருந்தார்கள்.

அந்த மாத்திரையின் பெயர் அலுமினியம் பாஸ்பைடு. பெரிய சேமிப்புக் கிடங்குகளில், தார்ப்பாய் போட்டு மூடி, பயிற்சி பெற்றவர்கள் வைத்து முகக்கவசத்தோடு எடுக்க வேண்டிய பொருள். காற்றில் இருக்கும் ஈரம் பட்டாலே போதும், பாஸ்பீன் என்ற நச்சு வாயு கிளம்பிவிடும். தண்ணீர் பட்டால் இன்னும் வேகமாகக் கிளம்பும். அதனால்தான் தண்ணி ஊத்தாதே என்றேன். இந்த விஷத்துக்கு மாற்று மருந்து கிடையாது. ஆஸ்பத்திரியில் செய்ய முடிவதெல்லாம் உடம்பைத் தாங்கிப் பிடிப்பதுதான். சட்டப்படி இதை அரசு அமைப்புகளும், அங்கீகாரம் பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனங்களும் மட்டுமே பயன்படுத்தலாம். ஆனால் மாப்பிள்ளை ஒரு கடையில் "அரிசிக்கு வண்டு மருந்து" என்று கேட்டிருக்கிறார். அவர்களும் மூன்று மாத்திரையைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்திருக்கிறார்கள். 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், எலி மருந்து வைத்த வீட்டில் தூங்கிய இரண்டு குழந்தைகள் இறந்துபோனதை நீங்கள் செய்தியில் பார்த்திருப்பீர்கள். மூடிய அறையும் மருந்தும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சொல்ல வேண்டியதில்லை.

இத்தனைக்கும் மூட்டையில் இருந்தது எந்த வண்டு? சாதாரண அரிசி வண்டு. கடிக்காது, கொட்டாது, நோய் பரப்பாது. சல்லடையும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் முடிந்துபோகிற விஷயம்.

வேளாண்மைத் துறையில் பூச்சிகளோடேயே காலம் ஓட்டியவன் என்ற முறையில் நான் உங்களிடம் கேட்பது ஒன்றுதான். வீட்டில் வண்டைப் பார்த்ததும் ஸ்ப்ரேயைத் தேடாதீர்கள், போனை எடுங்கள். அது என்ன வண்டு என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

படம் எடுப்பதிலும் ஒரு பக்குவம் இருக்கிறது. எனக்கு வாட்ஸ்அப்பில் வரும் படங்களில் பாதி வெறும் கறுப்புப் புள்ளி. ஓடுகிற வண்டைத் துரத்திப் படம் எடுத்தால் அப்படித்தான் வரும். ஒரு சின்னக் கண்ணாடி டப்பாவில் பிடித்து, பத்து நிமிஷம் ஃபிரிட்ஜில் வையுங்கள். குளிரில் அசையாமல் நிற்கும். வெள்ளைத் தாளில் கொட்டி, பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, பகல் வெளிச்சத்தில் மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று எடுங்கள். நாணயம் எதற்கென்றால், அளவு தெரியாமல் வண்டை அடையாளம் சொல்வது கஷ்டம். கூகுள் லென்ஸ், சீக் போன்ற செயலிகள் உதவும். ஆனால் மூன்று மில்லிமீட்டர் பழுப்பு வண்டு எல்லாமே அவற்றுக்கு ஒன்றுபோலத் தெரியும். அவை சொல்வதை ஒரு யோசனையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதைவிட நம்பகமான கேள்வி, எங்கே கிடைத்தது என்பது. அரிசியிலா, பயறிலா, மசாலா டப்பாவிலா, ஜன்னல் ஓரத்திலா, கட்டில் காலுக்கு அடியிலா?

அரிசி வண்டை எடுத்துக்கொள்வோம். கூன் வண்டு என்றும் சொல்வார்கள். மூன்று மில்லிமீட்டர் நீளம். முகத்தில் யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு மூக்கு. முதுகில் மங்கலான நான்கு செம்புள்ளிகள். மூக்கைப் பார்த்துவிட்டால் சந்தேகமே வேண்டாம். "சலிச்சேன், வெயில்ல போட்டேன், ஒரு மாசத்துல மறுபடியும் வந்துடுச்சு" என்று புலம்பாத வீடு இல்லை. காரணம் இதுதான். பெண் வண்டு அரிசி மணியில் மூக்கால் ஒரு குழி தோண்டி, அதில் ஒரே ஒரு முட்டையை இட்டு, பசை மாதிரி ஒன்றால் வாயை அடைத்துவிடும். புழு அந்த மணிக்குள்ளேயே தின்று, அங்கேயே கூட்டுப்புழுவாகி, வண்டாக ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வரும். நம்ம ஊர் வெப்பத்தில் இதற்கு ஏறக்குறைய ஒரு மாதம். ஒரு வண்டு தன் ஆயுளில் முந்நூறு முட்டை வரை இடும். ஆக, நீங்கள் சலித்து எடுப்பது வெளியே வந்த தலைமுறையை மட்டும். அடுத்த தலைமுறை மணிக்குள் உட்கார்ந்திருக்கிறது, வெளியே ஒரு அடையாளமும் தெரியாது.

வெயிலில் காயப்போடுவது நல்லதுதான். ஆனால் மொட்டை மாடியில் போட்டதும் வண்டு நிழலைத் தேடி நடந்து, படி வழியாக மறுபடி வீட்டுக்கே வந்துவிடும். கடும் வெயிலில் அரிசி விரிசல் விட்டு, சோறு குருணையாக நொறுங்கும். அதனால் காலை வெயிலில் கொஞ்ச நேரம், மெல்லிசாகப் பரப்பி, உதிரும் வண்டைக் கூட்டி சோப்புத் தண்ணீரில் போடுங்கள். உள்ளே இருக்கும் புழுவுக்கு ஃப்ரீசர்தான் சரியான மருந்து. இரண்டு கிலோ, மூன்று கிலோவாகக் கட்டி நான்கு நாள் ஃப்ரீசரில் வைத்தால் முட்டை, புழு, வண்டு எல்லாம் செத்துவிடும். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காதீர்கள். அறைச் சூட்டுக்கு வந்த பிறகு பிரியுங்கள். இல்லாவிட்டால் வேர்த்து, அரிசி ஈரமாகி, பூஞ்சணம் பிடிக்கும். இருபத்தைந்து கிலோவுக்கு ஃப்ரீசரில் எங்கே இடம் என்று கேட்பீர்கள். நியாயம்தான். நாலு பேர் வீட்டில் இவ்வளவு அரிசியை மொத்தமாக ஏன் வாங்கி வைக்க வேண்டும் என்பது என் எதிர்க்கேள்வி.

பழைய அரிசியின் மேல் புது அரிசியைக் கொட்டும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். டிரம்மின் அடி விளிம்பில் தங்கிய பத்து வண்டு போதும். டிரம்மைக் காலி செய்து, கழுவி, ஈரமில்லாமல் காயவைத்து, பிறகு கொட்டுங்கள்.

கோவையில் இருக்கும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதற்கென்றே ஒரு பொறி செய்திருக்கிறது. தானியத்துக்குள் செருகி வைக்கும் துளையிட்ட குழாய், அடியில் கூம்பு மாதிரி ஒரு சேகரிப்பான். தானியத்தில் திரியும் வண்டு காற்றோட்டம் உள்ள இடத்தைத் தேடிப் போகும். துளை வழியாகக் குழாய்க்குள் நுழைந்ததும் வழுக்கி அடியில் விழுந்துவிடும். மருந்தும் இல்லை, கரண்டும் வேண்டாம். வண்டு பெருகும் முன்பே, இரண்டு மூன்று இருக்கும்போதே காட்டிக் கொடுத்துவிடும் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்தது.

வேப்பிலை, வசம்பு, காய்ந்த மிளகாய், கிராம்பு? போடுங்கள், வண்டை ஓரளவு விலக்கும். ஏற்கெனவே மணிக்குள் இருக்கும் புழுவை அவை ஒன்றும் செய்யாது. வேப்பிலை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். பச்சையாகப் போட்டால் அரிசிக்கு ஈரத்தைத்தான் கொடுப்பீர்கள். போரிக் பவுடரைக் கலக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. அது உணவில் சேரக்கூடாத பொருள், தயவுசெய்து வேண்டாம்.

வண்டு விழுந்த அரிசியைச் சாப்பிடலாமா? கொஞ்சமாக இருந்தால் சலித்து, கழுவி, மிதப்பதை எடுத்துவிட்டுத் தாராளமாகச் சமைக்கலாம். இங்கே ஒரு விஷயம். ரேஷன் அரிசியில் செறிவூட்டிய மணிகளும் கலந்திருக்கலாம், நூறுக்கு ஒன்று என்ற கணக்கில். நிறம் கொஞ்சம் வேறாக இருக்கும், சில சமயம் மிதக்கும். "பிளாஸ்டிக் அரிசி" என்று அதைப் பொறுக்கி எறிகிறார்கள். அது இரும்புச்சத்து சேர்த்த அரிசி மாவில் செய்த மணி, வண்டோடு சேர்த்து அதையும் எறியாதீர்கள்.

பயறு வண்டின் கதை வேறு. தட்டைப்பயறு, பச்சைப்பயறு, கொண்டைக்கடலை மேல் நகத்தால் சுரண்டினாலும் லேசில் போகாத வெள்ளைப் புள்ளி தெரிகிறதா? அது முட்டை. வட்டமாக, ஊசியால் குத்தினதைவிடப் பெரிய ஓட்டை தெரிந்தால், வண்டு வெளியே போய்விட்டது என்று அர்த்தம். இது பெரும்பாலும் வயலிலேயே காயில் முட்டையிட்டு, பயறோடு வீட்டுக்கு வருவது. உங்கள் சமையலறைச் சுத்தத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வளர்ந்த வண்டு பயறைத் தின்பதே இல்லை. ஒன்றிரண்டு வாரம் உயிரோடு இருந்து, முட்டையிட்டு, செத்துப்போகும். முழுப் பயறில்தான் இதன் அட்டகாசம் அதிகம், உடைத்த பருப்பில் குறைவு. பருப்புக்கு விளக்கெண்ணெய் தடவி வைக்கும் நம்ம பாட்டிமார் வழக்கம் வெறும் நம்பிக்கை இல்லை. எண்ணெய்ப் படலம் முட்டையை மூச்சுவிடாமல் செய்துவிடும். கிலோவுக்கு ஒரு டீஸ்பூன் போதும். இன்னொரு வழி, காற்றுப் புகாத டப்பாவில் விளிம்பு வரை நிரப்பி இறுக்கி மூடுவது. உள்ளே இருக்கும் ஆக்ஸிஜன் தீர்ந்ததும் வண்டும் தீர்ந்துவிடும். அரை டப்பா காலியாக இருந்தால் இது பலிக்காது. நிறைய ஓட்டை விழுந்த பயறு சாப்பாட்டுக்கு ஆகாது.

மைதா, ரவை, கோதுமை மாவில் இருப்பது சிவப்பு மாவு வண்டு. மூக்கு கிடையாது, தட்டையான உடம்பு. இது முழுத் தானியத்தை அதிகம் தொடாது. நிறைய ஆகிவிட்டால் மாவுக்கு ஒரு காரமான நெடியும் லேசான இளஞ்சிவப்பு நிறமும் வந்துவிடும், அந்த மாவைச் சலித்துப் பயன்படுத்தாமல் கொட்டிவிடுங்கள். ரவையை வறுத்து வைப்பது நல்ல பழக்கம். மஞ்சள், மல்லி, மிளகாயில் இருப்பவை சிகரெட் வண்டும் மருந்துக்கடை வண்டும், பெயர்தான் அப்படி. சில நேரம் இவை பழைய புத்தகத்தின் முதுகையும் துளைக்கும். கெட்டுப்போன டப்பாவைக் கழித்துவிட்டு, அலமாரி இடுக்கை வாக்குவம் கிளீனராலோ, காய்ந்த பிரஷ்ஷாலோ சுத்தம் செய்தால் போதும்.

மர வண்டு பணத்துக்குச் சேதம் செய்வது. கட்டில் காலடியில், மூங்கில் நாற்காலிக்குக் கீழே முகப்பவுடர் மாதிரி நைசான தூள் கொட்டியிருக்கும். மரத்தில் குண்டூசித் தலை அளவு ஓட்டைகள் இருக்கும். "கறையான் வந்துடுச்சு" என்று பதறி வீடு முழுக்கத் துளை போட்டு மருந்து ஏற்றியவர்களை எனக்குத் தெரியும். நம்ம வீட்டுச் சுவர்களில் ஏறும் கறையான் மண்ணால் பாதை கட்டிக்கொண்டு வரும்; இப்படித் தூள் கொட்டாது. ஓட்டை பழசா புதுசா என்று தெரிய வேண்டுமா? தூளைத் துடைத்துவிட்டு, அடியில் ஒரு கறுப்புத் தாளை விரித்து இரண்டு வாரம் விடுங்கள், நடுவில் மரத்தை ஆட்டாதீர்கள். புதுத் தூள் விழுந்தால்தான் உள்ளே ஆள் இருக்கிறது. இந்த வண்டு பூச்சு இல்லாத மரத்தின் நுண்துளைகளில்தான் முட்டையிடும். வார்னிஷோ பெயிண்டோ அடிக்காமல் விட்ட அடிப்பக்கமும் பின்பக்கமும்தான் வாசல். ஆசாரியிடம் கண்ணுக்குத் தெரியாத பக்கத்துக்கும் பூச்சு அடிக்கச் சொல்லுங்கள்.

மழைக்குப் பிறகு ராத்திரி விளக்கைத் தேடி வரும் கூட்டத்தில் பெரும்பாலானவை தாமாகவே காலையில் செத்துக் கிடக்கும், கூட்டித் தள்ளிவிடலாம். கிராமத்தில் கொம்பு வைத்த காண்டாமிருக வண்டு வந்து விழுந்தால் பிள்ளைகளுக்கு வேடிக்கை. பக்கத்தில் தென்னை வைத்திருப்பவருக்கு மட்டும் சொல்லிவிடுங்கள், எருக்குழியைக் கிளறிப் பார்க்கட்டும்.

ஒன்றே ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். எறும்பு மாதிரி ஒல்லியாக, ஒரு சென்டிமீட்டருக்குள், கறுப்பும் ஆரஞ்சும் மாறி மாறி இருக்கும். வால் பக்கத்தைத் தூக்கித் தூக்கி நடக்கும். ஆசிட் பூச்சி என்கிறார்கள். ஆசிட் ஒன்றும் கிடையாது. அதன் உடம்புக்குள் பெடரின் என்ற நச்சு இருக்கிறது. அது கடிக்காது, கொட்டாது. கழுத்தில் ஏதோ ஊர்கிறதென்று நாம் தேய்த்து நசுக்குகிறோமே, அதனால்தான் வினை. உடனே ஒன்றும் தெரியாது. மறுநாள் கோடு இழுத்த மாதிரி சிவந்து, எரிந்து, கொப்புளம் வரும். முழங்கை மடிப்பில் பட்டால் மடங்கும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பதியும். "அக்கி" என்று நினைத்துக் காவி எழுதப் போகிறவர்கள் நிறையப் பேர். நடுவில் இரண்டு நாள் வீணாகும். அக்கி என்பது வைரஸால் வருவது, அதற்கு மருந்து வேறு, அதையும் சீக்கிரம் தொடங்க வேண்டும். ஆகவே கோடு போட்ட மாதிரி கொப்புளம் கண்டால், எதுவாக இருந்தாலும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டிவிடுங்கள். பூச்சி மேலே உட்கார்ந்தால் ஊதிவிடுங்கள் அல்லது ஒரு தாளில் ஏறவிட்டு உதறுங்கள். நசுங்கிவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அந்தக் கையோடு கண்ணைத் தொடாதீர்கள். சுண்ணாம்பு, டூத் பேஸ்ட் எதுவும் வேண்டாம். படுக்கும் முன் போர்வையை உதறுவதும், ஜன்னல் பக்கத்து விளக்கைச் சீக்கிரம் அணைப்பதும் போதுமான தடுப்பு.

காதுக்குள் வண்டு போனால் குச்சியோ ஹேர்பின்னோ விட்டுக் குடையாதீர்கள், மருத்துவரிடம் போங்கள்.

இனி போனில் செய்ய வேண்டியவை. ரேஷன் கடையில் வண்டு மொய்த்த அரிசியோ பருப்போ தந்தால், கடையிலேயே காட்டி மாற்றிக் கேளுங்கள். மறுத்தால் 1967 அல்லது 1800 425 5901 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். பாக்கெட் பொருளில் இருந்தால் உடனே கொட்டிவிடாதீர்கள். பேட்ச் எண், தயாரித்த தேதி, உரிம எண், பில், உள்ளே இருக்கும் வண்டு எல்லாம் தெரியப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஃபுட் சேஃப்டி கனெக்ட் செயலியில் பதியுங்கள். பணம் திரும்ப வேண்டும் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. உடல்நலச் சந்தேகத்துக்கு 104. பூச்சி மருந்து அடிக்க ஆள் கூப்பிடுகிறீர்களா? பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் பெற்ற உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். என்ன மருந்து, எத்தனை மணி நேரம் வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும் என்பதை எழுதித் தரச் சொல்லுங்கள். காகிதத்தில் மடித்துக் கொடுக்கும் பெயரில்லாத மாத்திரையை எந்தக் கடையில் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஏற்கெனவே வீட்டில் போட்டிருந்து வாடை வந்தால், நீங்களே எடுத்து வெளியே எறியப் பார்க்க வேண்டாம். எல்லோரும் வெளியேறிவிட்டு 108க்கும் தீயணைப்புத் துறையின் 101க்கும் சொல்லுங்கள்.

அண்ணன் மகள் அந்த இரண்டு மூட்டையையும் கோழிக்குக்கூடப் போடவில்லை. போன வாரம் அவளிடமிருந்து ஒரு படம் வந்தது. வெள்ளைத் தாள், பக்கத்தில் ஒரு ரூபாய், நடுவில் உருண்டையாக ஒரு பழுப்பு வண்டு. முதுகில் வரிவரியாகக் கோடுகூடத் தெளிவாக விழுந்திருந்தது. "மல்லி டப்பாவுல இருந்துச்சு சித்தப்பா. டப்பாவைக் கொட்டி அலமாரியைத் துடைச்சிட்டேன். இது சிகரெட் வண்டா, மருந்துக்கடை வண்டா?" என்று கேட்டிருந்தாள். கோடு இருப்பதால் மருந்துக்கடை வண்டு, எதுவாக இருந்தாலும் செய்ய வேண்டியதை நீ செய்துவிட்டாய் என்று பதில் போட்டேன்.